தலைமறைவும் ஆன்ட்டிஜியின் வெயிலும்

டெல்லியில் சூரியனோடு சொந்தப் பகை வைத்துக்கொண்டிருந்த ஒரே ஜீவன் எங்கள் தலைமறைவுதான். நமக்கெல்லாம் வெயில் அடிக்கும், போகும். அவளுக்கு வெயில் என்பது ஓர் ஆள். அந்த ஆள் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஜனக்புரியில் எங்கள் ஃப்ளாட் ஜன்னலில் ஏறிக் குதித்து, அவளைத் தேடி வந்து, அவள் லேப்டாப் ஸ்க்ரீன் மேல் சம்மணம் போட்டு உட்காருகிறான் என்று மனதார நம்பினாள்.

நானும் அவளும் ஃப்ளாட்டுக்குக் குடிவந்த முதல் வாரம், ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறந்தால் ஆளைக் காணவில்லை. டைனிங் டேபிளுக்கு அடியில் பெட்ஷீட் கூடாரம். உள்ளே நீல வெளிச்சம். "என்னடி பண்ற?" என்றேன். "வெளிய அவன் நிக்கான், போனதும் வாறேன்" என்று பதில் வந்தது. பேப்பரில் 'முக்கியக் குற்றவாளி தலைமறைவு' என்று போடுவார்களே, அதே தோரணை. அன்றைக்கு வைத்த பெயர். அவள் சொந்தப் பெயர் கூரியர்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

இதை நான் உத்தம் நகரில், சந்துக்குள் சந்தாக இருக்கும் ஒரு ஃப்ளாட்டிலிருந்து டைப் செய்துகொண்டிருக்கிறேன். இங்கே துவைத்த ஜீன்ஸ் காய்வதற்குள் அடுத்த துவையல் வந்துவிடும். காய்ந்தாலும் நனைந்த நாய் வாசனை. நான் இங்கே வந்து விழுந்ததற்கு முழுக் காரணம் அவள். அதனால் இந்தக் கட்டுரையில் எங்காவது கடுப்பு தெரிந்தால், அது வேண்டுமென்றே வைத்தது.

ஜனக்புரி ஃப்ளாட் எப்படிப்பட்டது தெரியுமா? மெட்ரோ நடக்கிற தூரம். முதல் மாடி. தென்மேற்குப் பக்கம் சுவர் அகலத்துக்கு ஒரே ஜன்னல். எதிர் வரிசைக் கட்டிடங்களுக்கு நடுவே இருந்த சந்து வழியாக வெயில் நேராக அதில் வந்து இறங்கும். டெல்லியில் இரண்டு 'மதராஸி' பெண்களுக்கு வீடு கிடைப்பதே பெரிய விஷயம். என்ன சமைப்பீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள், யார் வருவார்கள் என்று புரோக்கர் முதற்கொண்டு எல்லோரும் விசாரணைக் கமிஷன் வைப்பார்கள். இங்கே அதெல்லாம் இல்லை. வாடகையும் அக்கம்பக்கத்தில் நடப்பதைவிடக் குறைவு.

ஹவுஸ் ஓனர் கீழ் வீட்டு ஆன்ட்டிஜி. பஞ்சாபி அம்மா, கணவர் இல்லை, மகன் கனடாவில். அவர் பேசியது பாதி இந்தி, பாதி பஞ்சாபி. நான் தமிழில் தருகிறேன். மே மாதம், வெளியே அனல்காற்று. எங்களை மாடி ஃப்ளாட்டிலேயே ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து, ரூஹப்சா சர்பத் மாதிரி சிவப்பாக ஏதோ கலந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"வாடகை கம்மியாவே குடுங்க பேட்டா. ஒரே ஒரு கண்டிஷன். சர்தி, குளிர்காலம் வந்துட்டா மத்தியானத்துக்கு மேல இந்த ஜன்னல் வெயில் எனக்கு. நான் மேல வந்து இங்கதான் உக்காருவேன்."

கீழே அவர் வீட்டு முன்னால் தகரக் கூரை போட்ட கார் ஷெட். வெயில் எட்டிப் பார்க்காது. மொட்டை மாடிக்கு ஏற முழங்கால் ஒத்துக்கொள்ளாது. ஒரு மாடிதான் தாங்கும். டெல்லிக்காரர்கள் குளிர்காலத்தில் வெயில் விழுகிற இடத்தை, நாம் கல்யாணத்தில் முதல் பந்திக்கு இடம் பிடிப்பதுபோல் பிடித்து வைப்பார்கள். அது எங்களுக்கு அப்போது தெரியாது. நான் திருச்சி, அவள் திருநெல்வேலி. வெயிலை ஒரு மனுஷி கேட்டு வாங்குகிறார் என்பதே எங்களுக்குப் பெரிய காமெடி.

"முழுசா நீங்களே வச்சுக்கோங்க ஆன்ட்டிஜி," என்றேன்.

"ஏட்டி, இப்பவே மூட்டை கட்டிக் கீழ கொண்டு போகச் சொல்லுட்டி," என்றாள் தலைமறைவு என் காதில்.

ஆன்ட்டிஜி என் கையைப் பிடித்து, "பக்கா?" என்று கேட்டார். "பக்கா," என்றேன். அக்ரிமென்ட்டில் அது இல்லை. கையைப் பிடித்துச் சொன்ன வாக்குதான்.

தலைமறைவின் உத்தியோகத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஸ்டூடியோவுக்குக் கல்யாண வீடியோக்களில் கலர் சரிசெய்வது அவள் வேலை. வீட்டிலிருந்தே. டெல்லிக் கல்யாணம் என்றால் சும்மா இல்லை; சாமியானா பிங்க், லைட் ஊதா, லெஹங்கா ரத்தச் சிவப்பு, மாப்பிள்ளை தலைப்பாகை வேறு கலர். இதற்கு நடுவில் மணப்பெண்ணின் முகம் மனித முகமாகத் தெரிய வேண்டும். ஸ்க்ரீனில் வெயில் பட்டால் கலர் புரியாது. ஒருமுறை நாலு மணி வெயிலில் உட்கார்ந்து முடித்து அனுப்பிய வீடியோவில் பெண் வீட்டார் அத்தனை பேரும் மஞ்சள் காமாலை வந்தவர்கள் மாதிரி ஆடிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் மாப்பிள்ளை கத்திரிக்காய். மாப்பிள்ளையின் அம்மா ஸ்டூடியோவுக்கே நேரில் போய்க் கத்தியிருக்கிறார். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேலை போய்விடும் என்று ஸ்டூடியோவில் சொல்லிவிட்டார்கள்.

அவ்வளவுதான். போர் ஆரம்பம்.

முதல் ஆயுதம் அலுமினியத் தாள். சப்பாத்தி சுற்றுகிற அதே தாள். ஜன்னல் முழுக்க ஒட்டினாள். எங்கள் வீடு கும்மிருட்டு. செம, பிரச்சினை தீர்ந்தது என்று இருந்தால், மறுநாள் சாயங்காலம் காலிங் பெல். எதிர்வீட்டு அங்கிள். வீட்டுக்குள் நுழைகிற மனுஷன் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்தார்.

"பேட்டா, உங்க வீட்டுக்கு வர்ற சூரியனை ஏன் என் வீட்டுக்குத் திருப்பி விடறீங்க?"

"சாரி அங்கிள்."

"மத்தியானம் தூங்கிட்டு இருக்கேன். கண்ணைத் திறந்தா ரெண்டு சூரியன். ஒண்ணு மேல, ஒண்ணு உங்க ஜன்னல்ல. செத்துப் போயிட்டேன்னு நெனச்சிட்டேன்."

தலைமறைவு உள்ளேயிருந்து, "ஒரு சூரியனையே நம்மளால தாங்க முடியல. அவருக்கு ரெண்டாம்லா" என்றாள். பரிதாபப்பட்டாளா பெருமைப்பட்டாளா என்று இன்றுவரை தெரியாது.

தாளைப் பிய்த்தோம். அடுத்தது மூங்கில் சிக். டெல்லியில் பால்கனிக்குப் பால்கனி தொங்கும் மூங்கில் குச்சித் தட்டி. பார்க்க அழகு. ஆனால் குச்சிக்குக் குச்சி இடைவெளி. வெயில் வரிவரியாக உள்ளே வந்தது. தலைமறைவு வரிக்குதிரை மாதிரி உட்கார்ந்து, வரிக்குதிரை மாதிரி தெரிந்த மணப்பெண்ணைச் சரிசெய்தாள். "வரி பொண்ணு மேல இருக்கா, ஸ்க்ரீன் மேல இருக்கான்னு தெரியல. நீ ஒருக்கா பாத்துச் சொல்லு," என்று என்னை வேறு கூப்பிடுவாள். நான் என் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு முன்பின் தெரியாத ஒருத்தியின் மூக்கில் வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாவதாக, கண்ணாடி மேல் ஒட்டும் பளபளா ஃபிலிம். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி தெரியும், உள்ளே எதுவும் தெரியாது என்றார் கடைக்காரர். பகலில் சத்தியமாக அப்படித்தான். ஜனக்புரிப் புறாக்கள் எல்லாம் வந்து தங்கள் பிம்பத்தோடு சண்டை போட்டுவிட்டுப் போயின. நாங்கள் இனி நம்மை யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஜன்னலில் கிடந்த பெட்ஷீட்டையும் எடுத்துவிட்டோம். அன்று சாயங்காலம் இருட்டியதும் லைட்டைப் போட்டு, நைட்டியோடும் முகத்தில் கடலை மாவோடும், பாட்டை அலறவிட்டு ஆடினோம். ஆட்டம் என்றால் ஆட்டம்.

மறுநாள் காய் வாங்கப் போனபோது எதிர்வீட்டு அங்கிள் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தபடி, "நேத்து டான்ஸ் அச்சா தா," என்றார். நன்றாக இருந்ததாம்.

வெளியே வெளிச்சமும் உள்ளே இருட்டுமாக இருந்தால்தான் அந்த ஃபிலிம் மறைக்கும். உள்ளே லைட் போட்டால் அப்படியே தலைகீழ். இதைக் கடைக்காரர் சொல்லவில்லை. தெருவே சொன்னது. நான் ஒரு வாரம் முக்காடு போட்டுக்கொண்டு மெட்ரோவுக்குப் போனேன். தலைமறைவுக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. "பாத்தாப் பாத்துட்டுப் போறாவ. பகல்ல கலர் நல்லா தெரியுதுல்லா. ஆனா லேசா நீலம் அடிக்கு," என்று அதற்கும் குறை கண்டுபிடித்தாள்.

இதற்கு நடுவில் ஆன்ட்டிஜி மகனைப் பார்க்கக் கனடா கிளம்பினார். போகும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, "செடிக்குத் தண்ணி ஊத்து. என் வெயிலைப் பாத்துக்கோ," என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு திலக் நகர் மார்க்கெட்டில் பிளாக்அவுட் கர்ட்டன் வாங்கப் போனோம். நான் மஞ்சள் பூப்போட்ட ஒன்றைத் தொட்டேன். கையில் அடித்தாள். "மஞ்சத் துணி மேல வெளிச்சம் பட்டா ஸ்க்ரீன்லயும் மஞ்ச ஏறும். திரும்பக் காமாலை. சாம்பல் மட்டுந்தான்." கடையில் இருந்த சாம்பல் துணி அத்தனையும் இறங்கியது. ஒவ்வொன்றையும் தலைமேல் போர்த்திக்கொண்டு, டியூப்லைட்டுக்கு நேரே முகத்தைத் தூக்கி, நடுக்கடையில் சிலை மாதிரி நின்றாள். பின்னால் வந்த ஒரு குடும்பம் அவளைப் பொம்மை என்று நினைத்துத் துணியைத் தடவிப் பார்த்தது. "கித்னே கா ஹை?" என்று அந்த அம்மா விலை கேட்டதும் பொம்மை, "வெளிச்சம் தெரியுது, வாங்காதீங்க," என்று இந்தியில் சொன்னது. அந்த அம்மா அலறிய அலறலில் மாடியிலிருந்து முதலாளியே இறங்கி வந்தார்.

"பையா, இன்னும் டார்க்கா காட்டுங்க," என்றாள் தலைமறைவு அவரிடம்.

"மேடம், இதுக்கு மேல டார்க் வேணும்னா கண்ணைத்தான் மூடிக்கணும்."

வாங்கிய கர்ட்டன் நல்ல கர்ட்டன். கனம், மூன்று அடுக்கு, அசலான சாம்பல். நார்மலான மனுஷி என்றால் அத்தோடு நிறுத்தியிருப்பாள். ஆனால் கர்ட்டனுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நூல் வெயில் கசிந்தது. அந்த நூல் சரியாக நாலேகாலுக்கு மணப்பெண்ணின் மூக்குத்தியில் போய் நிற்கும். "இவனப் பாத்தியா, கதவப் பூட்டினா சாவித் துவாரம் வழியா வாரான்," என்றாள். கல்யாண சீசன் தொடங்குவதற்கு முன்னால், ஒருநாள் நான் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் தச்சரைக் கூட்டி வந்து, ஜன்னல் அளவுக்குப் பிளைவுட் பலகை அறுத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, சட்டத்தோடு திருகாணி முடுக்கி, ஓரமெல்லாம் எம்-சீல் பசை அப்பிவிட்டாள். அதற்கு மேல் கர்ட்டன்.

"ஆன்ட்டிஜி வந்தா என்னடி சொல்லுவ?"

"ஒரு ஹீட்டர் வாங்கிக் குடுப்போம். வெயிலுக்கு வெயிலு, சூட்டுக்குச் சூடு."

திருநெல்வேலியில் தயாரான மூளை. வெயில் என்றால் பன்னிரண்டு மாதமும் எதிரி. எனக்கும் அப்போது அது தப்பாகத் தெரியவில்லை, அதுதான் கொடுமை. டிசம்பரில் தெரிந்தது. டெல்லியில் குளிர்காலத்தில் தெருவைவிட வீட்டுக்குள்தான் குளிரும். சுவர் குளிரும், தரை குளிரும், தட்டில் வைத்த தோசை வாய்க்கு வருவதற்குள் ஃப்ரிட்ஜில் வைத்தது போலாகும். என் ஆபீஸில் மத்தியானம் ஒரு மணிக்கு மானேஜர் முதல் செக்யூரிட்டி வரை பார்க் புல்லில் போய், வடாம் காயப்போட்ட மாதிரி வரிசையாகக் கிடப்பார்கள். நான் மட்டும் வீட்டுக்கு வந்தால் குகை. உள்ளே மங்கி குல்லா போட்ட ஒரு கரடி, விரல் தெரிகிற கையுறையோடு மணப்பெண்ணுக்குக் கன்னச் சிவப்பு ஏற்றிக்கொண்டிருக்கும்.

"பலகையை எடுடி. செத்துருவேன்."

"சீசன் முடியட்டும்."

"ஆன்ட்டிஜி அடுத்த வாரம் வர்றாங்கடி. வாக்கு குடுத்திருக்கோம். வீடு போயிரும்."

"அவ்வோ வாறப்ப பாத்துக்கிடலாம். இப்ப வேலை போச்சுன்னா வாடகையே குடுக்க முடியாது பாத்துக்கோ."

பற்கள் தந்தி அடித்ததால் எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை.

ஆன்ட்டிஜி வந்தார். கனடாவிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே, அதுவும் ஒரு வாரப் பனிமூட்டத்துக்குப் பிறகு வெயில் பளிச்சென்று அடித்த ஞாயிற்றுக்கிழமை. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறி வந்தார். ஒரு கையில் மடக்கு நாற்காலி. தோளில் துணிப்பை. அதில் வேர்க்கடலை, ஆரஞ்சு, பாதி பின்னிய ஸ்வெட்டர். கதவைத் திறந்ததும் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வெளிச்சத்துக்குத் தயாராகச் சுருக்கிய கண். இருட்டில் அது மெதுவாக விரிந்ததை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"கரன்ட் இல்லையா?" என்றார்.

நான் கர்ட்டனை விலக்கிக் காட்டினேன். கறுப்புப் பலகை. அவர் போய் அதைத் தொட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். பஞ்சாபி அம்மாக்கள் திட்டினால் பிளைவுட் தானாகவே கழன்று விழும். அவர் திட்டவில்லை. நாற்காலியை விரித்து, பலகைக்கு முன்னால், வெயில் வருகிற இடத்தைப் பார்த்தமாதிரி உட்கார்ந்தார்.

"கனடாவில என் மருமக நல்லாத்தான் பாத்துக்கிட்டா. ஹீட்டர் உண்டு. வெயில்தான் இல்ல," என்றார். "அங்க தினமும் மத்தியானம் இந்த ஜன்னலை நினைச்சுக்குவேன். சரி, நீங்களும் உங்க வேலையைப் பாக்கணும்ல." பிறகு இருட்டில் கடலையை உடைத்துத் தின்ன ஆரம்பித்தார். டப். டப்.

தலைமறைவு திரும்பிப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தை முடித்து அனுப்ப வேண்டும். மௌஸ் நகர்ந்தது. டப். நின்றது. டப். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் குல்லாவைப் பிடித்து இழுக்கலாம் என்று நான் எழுந்தபோது, அவளே எழுந்தாள். சமையல் கட்டுக்குப் போனாள். தோசைத் திருப்பியோடு வந்தாள்.

"ஏட்டி, நாற்காலியப் பின்னால தள்ளு."

"சாயங்காலம் அனுப்பணும்னு சொன்னியேடி?"

"தள்ளுட்டி."

திருகாணி அசையவில்லை. அவள் அப்பிய எம்-சீல் அப்படி. தோசைத் திருப்பியைப் பலகை இடுக்கில் செருகி, காலைச் சுவரில் ஊன்றி நெம்பினாள். பலகை வந்தது. பலகையோடு சட்டம் வந்தது. சட்டம் பெயர்ந்த வேகத்தில் கண்ணாடி வெளிப்பக்கமாகச் சாய்ந்து, கீழே தகரக் கூரையில் சறுக்கி, முழுசாகத் தெருவுக்குப் போனது. பிறகு எதிர்வீட்டு அங்கிள் புதிதாக வாங்கி, ரிப்பன்கூட அவிழ்க்காமல் தெருவில் நிறுத்தியிருந்த காரின் அலாரம் ஜனக்புரி முழுக்கக் கேட்டது.

சுவரில் இப்போது ஜன்னல் இல்லை. ஓட்டை இருந்தது. அதன் வழியாக அறை முழுக்க வெயில்.

எதிர்வீட்டு அங்கிள் கூலிங் கிளாஸோடு வந்தார். தெருவே பின்னால் வந்தது. நான் "சாரி அங்கிள், சாரி அங்கிள்" என்று கத்திக்கொண்டிருந்தேன். பனிக்காற்று நேராக உள்ளே வீசியது. இத்தனைக்கும் நடுவில் ஆன்ட்டிஜி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, சால்வையைத் தளர்த்தி, முகத்தைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, "அச்சி தூப் ஹை, நல்ல வெயில்," என்றார். தலைமறைவு பக்கத்தில் நின்று, ஒரு கையால் தன் கண்ணை மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள்.

ஸ்க்ரீனில் மணப்பெண் யாரென்றே தெரியவில்லை. வெறும் வெயில். வீடியோ நேரத்துக்குப் போகவில்லை. அந்த வாரமே அவள் வேலை போனது.

கனடாவிலிருந்து மகன் போன் செய்தான். வீட்டை இடிக்கிற பெண்கள் வேண்டாம், காலி பண்ணச் சொல் என்றான். ஆன்ட்டிஜி எங்களுக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று நான் எதிர்பார்த்தேன். "என் பேட்டா சொல்றான்," என்று மட்டும் சொன்னார். கிளம்புகிற அன்று கைநிறைய வேர்க்கடலை கொடுத்தார். ஒரு ஜன்னல் நிறைய வெயிலுக்கு ஒரு கை கடலை. நான் வாங்கிக்கொள்ளவில்லை. தலைமறைவு இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டாள்.

அவள் திருநெல்வேலிக்கே போய்விட்டாள். அங்கே ஏதோ கல்யாண ஸ்டூடியோவில் வேலையாம். எப்போதாவது வாய்ஸ் மெசேஜ் வரும். "ஏட்டி, இவன் இங்கயும் வந்துட்டாம்ட்டி. காலைல ஆறு மணிக்கே வந்து நிக்கான்." நான் பதில் போடுவதில்லை. கோபம் அப்படியேதான் இருக்கிறது.

போகும்போது அந்தச் சாம்பல் கர்ட்டனை என் பெட்டியில் திணித்துவிட்டுப் போயிருக்கிறாள். உத்தம் நகருக்கு வந்ததும் அதை மாட்டினேன். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டிடத்துச் சுவர். புரோக்கர் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மேடம், இங்க சூரியனே வராது. கர்ட்டன் எதுக்கு?"

"சும்மாதான் பையா," என்றேன்.

நாலு மணி ஆனால் இப்போதும் கை தானாகப் போய் அதை இழுத்து மூடிவிடுகிறது. அவளுக்குக் கண் கூசும்.